பருவமும் பக்குவமும்

நம் வீடுகளில் ஒரு பெண்பிள்ளை பருவமடைந்துவிட்டால், "பெரிய மனுஷி ஆகிவிட்டாள்" என்கிறோம். உறவினர்களுக்குச் செய்தி போகிறது. வீட்டில் இனிப்புச் செய்கிறார்கள். ஆனால் மறுநாள் முதல் நடப்பது யாது? நேற்றுவரை தெருமுனைக் கடைக்குத் தனியே போய், மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணி வாங்கிவந்த சிறுமியை, இன்று எட்டு வயதுத் தம்பியின் துணையின்றி வெளியே அனுப்புவதில்லை. வாய் அவளைப் பெரியவள் என்கிறது. கை அவளைச் சிறியவளாக்குகிறது. ஆண்பிள்ளைகளின் கதையும் இதற்குச் சளைத்ததன்று. "மீசை முளைத்துவிட்டது, இன்னும் சின்னப்பிள்ளையா நீ?" என்று காலையில் கடிந்துகொண்ட அதே வாப்பா, மாலையில் அவன் கடை விஷயமாக ஒரு யோசனை சொன்னால், "சின்னப்பையன், உனக்கென்ன தெரியும்?" என்கிறார்.

அப்படியானால் ஒருவர் பெரியவராவது எப்போது?

அரசாங்கச் சட்டத்தைக் கேட்டால் ஒரே விடை கிடைப்பதில்லை. மலேசியாவில் 12 வயதில் அடையாள அட்டை எடுக்க வேண்டும். 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயதில் ஒருவர் மேஜராகிறார். வாக்களிக்கும் வயது 21லிருந்து 18க்கு இறங்கி நடைமுறைக்கு வந்தது 2021 டிசம்பரில்தான். சிங்கப்பூரில் அடையாள அட்டை 15இல். ஆண்பிள்ளைகளுக்குத் தேசிய சேவை 18இல். 2009 முதல் 18 வயதினர் பெரும்பாலான ஒப்பந்தங்களைத் தாமே செய்துகொள்ளலாம். வாக்களிக்கவோ 21 ஆக வேண்டும். துப்பாக்கி பிடிக்கும் கைக்கு வாக்குச்சீட்டு மூன்றாண்டு கழித்து வருவானேன் என்று இளைஞர்கள் கேட்டால், அது நியாயமான கேள்விதான். ஆயினும் சட்டத்தின் சங்கடத்தையும் நாம் உணர வேண்டும். இலட்சக்கணக்கானவர்களை ஒவ்வொருவராக நிறுத்தி அளந்து பார்க்க அதனால் முடியாது. எங்கேனும் ஓரிடத்தில் கோடு கிழித்தாக வேண்டும். குடும்பத்துக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. ஒரு தகப்பனாருக்கு இருப்பது மூன்று பிள்ளைகள், மிஞ்சினால் ஐந்து. அவர்களை அளந்து பார்க்க நேரமில்லை என்று அவர் சொல்வாரானால் நாம் நம்புவதற்கில்லை.

உள்ளத்தின் வளர்ச்சியை ஆராய்ந்தவர்கள் சொல்வதைச் சற்றுப் பார்ப்போம். சுவிட்சர்லாந்து அறிஞர் ஜான் பியாஜே தம் சொந்தக் குழந்தைகள் மூவரையும் கூர்ந்து கவனித்தே தம் ஆராய்ச்சியின் பெரும்பகுதியைத் தொடங்கினார். ஒரே அளவான இரு குவளைகளில் சமமாகத் தண்ணீர் ஊற்றி, ஒன்றிலுள்ளதைக் குழந்தையின் கண்முன்னாலேயே ஒல்லியான உயர்ந்த குவளைக்கு மாற்றினால், ஐந்து வயதுக் குழந்தை உயரமானதில்தான் தண்ணீர் அதிகம் என்று சாதிக்கும். ஏழெட்டு வயதில் அதே பிள்ளை சிரித்துக்கொண்டு, "ஊற்றினது அதே தண்ணீர்தானே?" என்று கேட்கும். நடுவில் எவரும் உட்கார்ந்து பாடம் நடத்தவில்லை. தானே கையாண்டு, ஊற்றி, சிந்தி, கண்டுகொண்டது. சிந்தாமல் வளர்ந்த பிள்ளை இல்லை. தாய்மார்கள் இதை அறிவார்கள், அறிந்தும் அதட்டுவார்கள்.

எரிக் எரிக்சன் என்பவர் 1950இல் வெளியிட்ட நூலில் மனித வாழ்வை எட்டுக் கட்டங்களாகப் பிரித்தார். கைக்குழந்தைக்குத் தன்னைச் சுற்றியுள்ளவர்களை நம்பலாமா என்ற கேள்வி. பள்ளிப்பிள்ளைக்கு ஒரு வேலையைத் தன்னால் செய்து முடிக்க இயலுமா என்ற கேள்வி. வாலிபனுக்குத் தான் யார் என்ற கேள்வி. எட்டில் ஐந்து கட்டங்கள் இருபது வயதுக்குள் முடிந்துவிடுகின்றன. ஆயினும் நமக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது ஏழாவது கட்டம். அது நடுவயதினருக்கு உரியது. தனக்குப் பின் வருகிறவர்களை வளர்த்து ஆளாக்குவதா, அன்றித் தன்னிலேயே தேங்கி நின்றுவிடுவதா என்பதே அந்த வயதின் சோதனை என்கிறார் அவர். அதாவது, ஐம்பது வயதிலும் மனிதன் வளர்ந்து முடிந்துவிடவில்லை. இதை நாம் பின்னால் நினைவுகூர வேண்டியிருக்கும்.

இது நிற்க. பருவம் வேறு, பக்குவம் வேறு என்பதை நம் மார்க்கச் சட்ட அறிஞர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பிரித்துக் காட்டிவிட்டனர். முன்னதற்குப் புலூக் என்றும், பின்னதற்கு ருஷ்து என்றும் பெயர். உடலில் அடையாளம் தோன்றாவிடில், சந்திரக் கணக்கில் 15 வயது நிறைந்தால் பாலிகு என்பது ஷாபிஈ மத்ஹபின் முடிவு. தொழுகையும் நோன்பும் அவ்வேளையே கடமையாகின்றன. சொத்து மட்டும் அப்படிக் கைக்கு வந்துவிடுவதில்லை. திருக்குர்ஆனின் அன்னிஸா அத்தியாயம் ஆறாம் வசனம், அநாதைகளைத் திருமண வயது வரும்வரை சோதித்துவருமாறும், பக்குவத்தைக் கண்டபின் அவர்கள் பொருளைச் சாட்சிகள் முன்னிலையில் ஒப்படைக்குமாறும் பொறுப்பாளர்களுக்குக் கட்டளையிடுகிறது.

எப்படிச் சோதிப்பது? 1277இல் மறைந்த இமாம் நவவி தம் மின்ஹாஜ் நூலில் இதற்கு விடை கூறுகிறார். வியாபாரியின் பிள்ளையை வாங்கல் விற்றலிலும் பேரம் பேசுவதிலும், விவசாயியின் பிள்ளையை விவசாயத்திலும் சோதிக்க வேண்டும். பெண்ணை நூற்பு வேலையிலும், உணவைப் பூனை தின்றுவிடாமல் காப்பதிலும் சோதிக்க வேண்டும். (பூனையைச் சட்ட நூலில் சேர்த்தவர் வீட்டைக் கவனித்துப் பார்த்தவராகத்தான் இருந்திருக்க வேண்டும்.) சோதனை ஒருமுறை போதாது. மேலும், சோதனைக்குரிய காலம் பருவமடைவதற்கு முன்புதான். சிறுவன் செய்யும் ஒப்பந்தம் செல்லாதே என்றால், அதற்கும் வழி சொல்கிறார்கள்: பேரத்தைப் பிள்ளை பேசட்டும், விலை படிந்தபின் ஒப்பந்தத்தைப் பொறுப்பாளர் முடிக்கட்டும். தவறினாலும் கடை முழுகாது, பிள்ளை கற்றுக்கொள்ளும். எந்தக் கல்விச் சாலையிலும் இதனினும் நல்ல பாடத்திட்டத்தை நாம் கண்டதில்லை.

பக்குவமே வராவிட்டால்? இமாம் அபூஹனீபா, 25 வயதுக்குமேல் எவரிடமும் அவருடைய பொருளைத் தடுத்துவைக்கலாகாது என்றார். அந்த வயதில் ஒருவர் பாட்டனாராகக்கூட ஆகிவிட முடியும். பாட்டனாரைப் பிள்ளைபோல் நடத்துவது எங்ஙனம் என்பது ஹனபி நூல்கள் கூறும் காரணம். அவருடைய மாணவர்களான அபூயூசுபும் முஹம்மதுமே இதை ஒப்பவில்லை. பக்குவம் காணும்வரை தடுத்துவைக்க வேண்டியதுதான் என்றனர். நம் மனம் இமாமின் பக்கமே சாய்கிறது. ஒப்படைக்கப்படாத கை எந்தக் காலத்தில் பழகும்?

நம் கடைகளுக்கு வருவோம். நாசிக் கண்டார் கடையோ, நாணய மாற்றுக் கடையோ, ஜவுளிக் கடையோ, எதுவாயினும் ஆகட்டும். மகனுக்கு நாற்பது வயது. பட்டம் பெற்றவர்; அவருக்கே பிள்ளைகள் உண்டு. காலை ஆறு மணிக்குக் கடை திறப்பவர் அவர். ஆனால் காசோலையில் கையெழுத்திடுபவர் எழுபது வயது அத்தாதான். சரக்கு வாங்க வருகிறவர்கள் மகனிடம் பேசிவிட்டு, "பெரியவர் எப்போது வருவார்?" என்று கேட்டுப் போகிறார்கள். பிறகு ஒருநாள் பெரியவர் மௌத்தாகிவிடுகிறார். ஒரே வாரத்தில் வாடகை, வங்கி, தொழிலாளர் பர்மிட், உடன்பிறந்தார் பங்கு எல்லாம் மகனின் தலையில் விழுகின்றன. அவர் தடுமாறினால், "வாப்பாவின் சாமர்த்தியம் பிள்ளைக்கு இல்லை" என்று ஊர் சொல்கிறது. அந்தச் சாமர்த்தியத்தைப் பழக அவருக்கு எந்த ஆண்டில் இடம் கொடுத்தோம் என்று ஊர் கேட்பதில்லை.

இதற்கு மறுமொழியாக, "நாங்கள் பன்னிரண்டு வயதில் கப்பலேறி வந்து தட்டுக் கழுவிக் கரையேறவில்லையா?" என்பார்கள் பெரியவர்கள். உண்மைதான். கடையநல்லூரிலிருந்தும் நாகூரிலிருந்தும் அப்படி வந்தவர்கள் பலர். அவர்களின் உழைப்பின்மேல் நிற்பவர்கள் நாம். எனினும் அதுவும் சோதித்து ஒப்படைத்தது அன்று, வறுமை தள்ளிவிட்டது. பலர் நீந்தினார்கள், மூழ்கியவர்களின் கதையைச் சொல்ல ஆளில்லை. மிகச் சீக்கிரம் தள்ளப்பட்டவர்களே, தம் பிள்ளைகளை மிகத் தாமதமாக விடுவதையும் நாம் பார்க்கிறோம். தாம் பட்டது பிள்ளை படக்கூடாதென்ற அன்பே அதன் காரணம். அன்புதான் என்பதால் அது குறையாகாமல் போய்விடாது.

ஆகவே, சாவியைக் கொடுக்கும் நாள் மகனுக்கு மட்டும் சோதனை நாளன்று. எரிக்சன் கூறிய ஏழாவது கட்டம் அங்கே கல்லாவில் உட்கார்ந்திருக்கிறது. பெரியவர் சாவியை விடாததற்குப் பேராசைதான் காரணமென்று இளைஞர்கள் சொல்வது பெரும்பாலும் அநியாயம். கல்லாவைவிட்டு எழுந்தால் எங்கே போய் உட்காருவது என்பது அவருக்குத் தெரியவில்லை. ஐம்பதாண்டுகளாக அவருக்கு இருந்தது அந்த ஒரு நாற்காலி. ஆதலால் கணக்கும் கையெழுத்தும் மகனிடமோ, தகுதியுடைய மகளிடமோ போகட்டும். நாற்காலி அங்கேயே கிடக்கட்டும். எந்த வியாபாரி சொன்ன சொல் தவறாதவர் என்பது அவருக்குத்தான் தெரியும். பள்ளி விடுமுறையில் பேரனும் பேத்தியும் வந்தால், நல்ல நோட்டையும் கள்ள நோட்டையும் விரல் நுனியால் பிரித்தறிய அவர் காட்டிக்கொடுக்கலாம். வாடிக்கையாளரிடம் பிள்ளைகள் விலை பேசுவார்கள். பாட்டனார் கேட்டுக்கொண்டிருந்து, விலை படிந்ததும் தலையசைப்பார்.