காத்திருப்பதா பக்தி?

திருவொற்றியூரில் சபதம் மீறிப் பார்வையிழந்த சுந்தரருக்கு இடக்கண் காஞ்சி ஏகம்பத்திலும் வலக்கண் திருவாரூரிலும் மீண்டதாகப் பெரியபுராணம் சொல்கிறது. இதைக் காட்டி, கண் திடீரென இருண்டால் வினை தீரக் காத்திருப்பதே பக்தி என்று வாதிடலாம். எனக்கு அந்தக் கதை வேறாகத் தெரிகிறது. சுந்தரர் முடங்கவில்லை, ஊர் ஊராக நடந்தார், இறைவனிடமே வாதாடினார். கண்ணப்பரோ இறைவனுக்குத் தன் கண்ணை அப்புவதற்கு முன் பச்சிலை தேடிக் காட்டுக்குள் ஓடினார். அன்பின் உச்சமே மருந்தைத் தேடியிருக்கிறது.

விதித்தது நடந்தே தீரும், மருத்துவர் என்ன செய்வார் என்பது வலுவான மறுப்புதான். ஆனால் சைவ சித்தாந்தம் பழவினையோடு நிற்பதில்லை. இன்று செய்யும் செயலையும் ஆகாமியம் என்று கணக்கில் வைக்கிறது. காத்திருப்பதும் ஒரு செயலே. விழித்திரையின் ரத்தக்குழாய் அடைபட்டால் சில மணி நேரத்தில் பார்வை நிரந்தரமாகப் போய்விடலாம். பக்கவாதத்தின் முன்னறிகுறியாகவும் அது இருக்கலாம். பெரும்பாலும் வலி இராது, அதுதான் ஏமாற்றுகிறது. சில நிமிடங்களில் தெளிந்துவிட்டாலும் ஆபத்து நீங்கியதாகாது. மின்னல் கீற்று, திடீரெனப் பெருகும் கரும்புள்ளிகள், ஓரத்திலிருந்து மறைக்கும் திரை ஆகியவை விழித்திரை விலகுவதைக் காட்டலாம். அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819 முதல் இருக்கிறது. பார்வை சட்டென்று போனால் முதலில் 108-ஐ அழையுங்கள். நேர்த்திக்கடனை வண்டியில் போகும்போதே வேண்டிக்கொள்ளுங்கள்.