முடிச்சின் மறுமுனை

ஏர்வாடியில் 28 பேர் எதனால் செத்தார்கள் என்று கேட்டால் யாரும் நெருப்பு என்று சொல்வதில்லை, சங்கிலி என்றுதான் சொல்வார்கள். 2001 ஆகஸ்ட் 6, அதிகாலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி தர்காவைச் சுற்றியிருந்த தனியார் மனநலக் காப்பகங்களில் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலானோர் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தார்கள். கட்டு தளர்வாக இருந்த சிலர் மட்டும் தப்பினார்கள். செத்தவர்களை அடையாளம் காண முடியவில்லை. இதை வாசிக்கும் உங்களில் பலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டீர்கள். நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் பேப்பரில் வந்த படத்தை அப்பா மடித்து பரணில் போட்டுவிட்டது நினைவிருக்கிறது.

சங்கிலி என்ற பதில் சரியான பதில்தான். என் வேலையில் ஒரு சிஸ்டம் விழுந்தால் காரணம் தேடி உட்காருவோம். முதலில் கேட்பது, இது ஒன்று மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் விழுந்திருக்குமா என்பதை. அன்றைக்கு ராத்திரி சங்கிலி மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் பெரும்பாலானவர்கள் எழுந்து ஓடியிருப்பார்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கூட்டம் அதோடு முடியாது. யாராவது ஒரு சீனியர் அடுத்த கேள்வியைக் கேட்பார்: சரி, அதை அங்கே வைத்தது எதுக்கு? எந்த முட்டாள்தனமான ஏற்பாட்டையும் யாரோ ஏதோ ஒரு பிரச்சினைக்குத் தீர்வாகத்தான் வைத்திருப்பார்கள். பிரச்சினையை விட்டுவிட்டு ஏற்பாட்டை மட்டும் பிடுங்கினால் ஆறு மாதத்தில் வேறு பெயரில் திரும்ப வந்து நிற்கும்.

ஏர்வாடிக்குப் பிறகு பிடுங்கும் வேலை வேகமாகவே நடந்தது. ஒரே வாரத்தில், ஆகஸ்ட் 13-ம் தேதி, அந்த மாதிரிக் காப்பகங்கள் எல்லாம் மூடப்பட்டன. ஐநூறுக்கும் மேற்பட்டவர்களை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. காப்பகம் நடத்தியவர், அவர் மனைவி, உறவினர் இருவர் ஆகியோருக்கு 2007-ல் ஏழாண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பிறகு 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-வது பிரிவு, மனநோய் உள்ள ஒருவரை எந்த வகையிலும் எந்த வடிவத்திலும் சங்கிலியில் கட்டக் கூடாது என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட்டது. நல்ல சட்டம். ஆனால் ஏர்வாடி எரிந்தபோது சட்டமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 1987-ல் இயற்றி 1993-ல் நடைமுறைக்கு வந்த மனநலச் சட்டம் இருந்தது. உரிமம் இல்லாமல் இப்படி ஒரு இல்லம் நடத்தக் கூடாது என்று அதுவும் சொன்னது. எட்டு வருடம் கழித்தும் உரிமமில்லாத காப்பகங்கள் ஊரறிய நடந்தன. பஸ்ஸில் இறங்கி யாரிடம் கேட்டாலும் வழி சொல்வார்கள். 2017 சட்டம் நடைமுறைக்கு வந்து ஓராண்டு முடிவதற்குள், 2019 ஜனவரியில், உச்ச நீதிமன்றத்தின் முன் உத்தரப் பிரதேசத்தின் பதாயூனிலிருந்து இதே படம் வந்தது. மதத்தின் பேரில் நடந்த காப்பகம், சங்கிலியில் மனிதர்கள்.

அப்படியென்றால் சங்கிலி எந்தப் பிரச்சினைக்கான தீர்வு? மூடநம்பிக்கை என்று சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அந்தப் பதிலில் திருப்தி இல்லை. தர்காவுக்கு இந்துக்களும் கிறிஸ்தவர்களும் வந்தார்கள். விளக்கு எண்ணெய், ஓதிய தண்ணீர், வீட்டுக்குப் போகலாம் என்று கனவில் உத்தரவு வரும்வரை காத்திருப்பது. நம்புகிறவர்கள் நம்பட்டும். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் மனநலத்துக்கென்றே தனியாக இருந்த அரசு மருத்துவமனை ஒன்றே ஒன்றுதான், கீழ்ப்பாக்கத்தில். ராமநாதபுரத்துச் சனத்துக்கு அது ஐநூறு கிலோமீட்டருக்கு அப்பால். வாசலில் நிறுத்தி எதுவும் கேட்காமல் இருக்க விட்ட இடம் தர்கா. ஆனால் கனவு வர மாதக்கணக்காகும். கூட வந்தவர்களுக்கு வயல் இருக்கிறது, மற்ற பிள்ளைகள் இருக்கிறார்கள். மாதம் இவ்வளவு என்று பணம் கொடுத்தால் பார்த்துக்கொள்கிறோம் என்று பக்கத்திலேயே ஒருவர் சொல்கிறார். அந்தப் பணத்தில் நாற்பது பேருக்கு ராத்திரி கண்விழிக்க ஆள் போட முடியாது. ஆள் போடாமல் ராத்திரியைக் கடத்த ஒரு பொருள் வேண்டும். இரும்புக்கடையில் கிடைத்தது.

என் பெரியம்மாவுக்கு அருப்புக்கோட்டை பக்கம் ஒரு கிராமம். அவரது மூத்த மகனுக்கு, எனக்கு அண்ணன் முறை, இருபத்திரண்டு வயதில் நோய் தொடங்கியது. பகலில் பெரிதாக ஒன்றுமில்லை. ராத்திரி எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவார். கிராமத்திலிருந்து ரோடு ஒரு கிலோமீட்டர், ரோட்டில் லாரி. இரண்டு முறை டிரைவர்களே கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். "ஏர்வாடியில விட்டுட்டு வந்துருவோம்" என்றார் பெரியப்பா. தீ விபத்துக்கு ஒரு வருடம் முன்பு இது. பெரியம்மா மகனோடு போனார், மூன்று மாதம் அங்கேயே தங்கினார், மகனோடு திரும்பி வந்தார். ஏன் விட்டுவிட்டு வரவில்லை என்று உறவில் எல்லோரும் கேட்டார்கள். "அங்க கம்பத்துல கட்டுறாக. ராத்திரி தண்ணி கேட்டா கம்பமா குடுக்கும்?" என்றார்.

வீட்டில் அவர் செய்தது இதுதான். பழைய சேலையில் ஒரு கிழிசல். ஒரு முனை மகனின் கணுக்காலில், மறுமுனை தன் மணிக்கட்டில். "அவன் எந்திரிச்சா எனக்குத் தெரியணும்லப்பா." பத்தொன்பது வருடம்.

இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். அண்ணனின் பக்கத்திலிருந்து பார்த்தால் சேலைத் துணிக்கும் சங்கிலிக்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் கட்டுதான். அவர் சம்மதம் கேட்டுக் கட்டியதில்லை. உரிமை என்ற ஒரே அளவுகோலை வைத்தால் பெரியம்மாவும் குற்றவாளிக் கூண்டில்தான் நிற்க வேண்டும். ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல என்று நமக்குத் தெரிகிறது. அன்பு என்று காரணம் சொல்லலாம்தான். ஆனால் மகனைக் காப்பகத்தில் கட்டிவிட்டுப் போன தாய்களுக்கும் அன்பு இருந்தது. பலர் அழுதுகொண்டேதான் பஸ் ஏறியிருப்பார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. சேலைத் துணியின் மறுமுனையில் விழித்துக்கொள்ளக்கூடிய ஒருவர் இருந்தார். வீடு தீப்பிடித்திருந்தால் அவரும் எரிவார், இல்லை இருவரும் சேர்ந்து வெளியே வருவார்கள். அவரை விட்டுவிட்டு அவர் மட்டும் தப்பிக்க முடியாதபடி முடிச்சு போட்டிருந்தார். கம்பத்தில் கட்டப்பட்டவரின் கதி மற்ற யாருடைய கதியோடும் கட்டப்படவில்லை.

கட்டை அவிழ்த்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்காக தென்னாப்பிரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே சங்கிலியே கிடையாது. கேட்டால் நம் காலத்தின் மிக முற்போக்கான வார்த்தைகளோடு நடந்தது. ஜோஹன்னஸ்பர்க் இருக்கும் கவுட்டெங் மாகாணத்தில், நீண்டகால மனநோயாளிகளை லைஃப் எசிடிமெனி என்ற தனியார் மருத்துவமனையில் அரசு தன் செலவில் வைத்திருந்தது. 2015 அக்டோபரில் மாகாண சுகாதாரத் துறை ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. காரணங்கள் இரண்டு. ஒன்று, மனநோயாளிகளை மருத்துவமனையில் அடைத்து வைக்கக் கூடாது, சமூகத்தோடு வாழ விட வேண்டும். உலகம் முழுக்க மனித உரிமைக்காரர்கள் சொல்வதும் அதுவே. நம் 2017 சட்டமும் அதைத்தான் சொல்கிறது. இன்னொன்று, ஒரு நோயாளிக்கு ஒரு நாளைக்கு 320 ராண்ட் செலவாகிறது. தொண்டு நிறுவனங்களுக்கு 112 ராண்ட் கொடுத்தால் போதும்.

குடும்பங்கள் எதிர்த்தன, மருத்துவர்கள் எச்சரித்தார்கள், நீதிமன்றத்துக்கும் போனார்கள். 2016-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அவசர அவசரமாக இடம் மாற்றினார்கள். மாத்திரைச் சீட்டு இல்லாமல், மருத்துவக் குறிப்புகள் இல்லாமல், சிலரைத் திறந்த வண்டியில். தம்பியை எங்கே கொண்டுபோனார்கள் என்று அக்காக்கள் இல்லம் இல்லமாகத் தேடினார்கள். பசி, நீரிழப்பு, குளிர், நிமோனியா, மருந்து நின்றதால் வந்த வலிப்பு. அந்த ஆண்டு செப்டம்பரில் மாகாண அமைச்சர் சட்டமன்றத்தில் சொன்ன எண்ணிக்கை 36. 2017 பிப்ரவரியில் நாட்டின் சுகாதாரக் குறைதீர்ப்பாளர் மலெகபுரு மக்கோபாவின் அறிக்கை வந்தபோது அது 94-ஐத் தாண்டியிருந்தது. கடைசிக் கணக்கு 144. அவர் விசாரித்த 27 தொண்டு நிறுவனங்களில் ஒன்றின் உரிமம்கூடச் செல்லுபடியாகக் கூடியதாக இல்லை. ஏர்வாடியில் உரிமம் இல்லை, இங்கே உரிமம் என்ற பெயரில் காகிதம் இருந்தது.

இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. ஒன்றில் கட்டி வைத்ததால் செத்தார்கள், மற்றதில் விடுதலை செய்ததால் செத்தார்கள். விடுதலை என்ற சொல்லைப் பழிப்பது என் நோக்கமில்லை. மருத்துவமனையில் ஆயுசுக்கும் கிடப்பது ஒரு வாழ்க்கையே இல்லை. ஆனால் இரண்டு இடத்திலும் ராத்திரியின் மறுமுனையில் ஆள் இல்லை. கவுட்டெங்கில் கையெழுத்துப் போட்டவர்களுக்கும் குளிரில் கிடந்தவர்களுக்கும் இடையே ஐந்தாறு அலுவலகங்கள் இருந்தன. ஒவ்வொருவரும் மேலே இருப்பவர் சொன்னதைச் செய்தேன் என்றார்கள். யாருக்கும் கொல்லும் எண்ணம் இருந்திருக்காது, அதை நான் நம்புகிறேன். அதனால்தான் எண்ணத்தை வைத்துக் குற்றத்தை அளக்கும் நம் பழக்கம் இங்கே உதவாமல் போகிறது. 2024 ஜூலையில் ஒரு நீதிபதி அன்றைய அமைச்சரையும் மனநலப் பிரிவின் தலைவரையும் பொறுப்பாளிகள் என்று தீர்ப்பளித்தார், ஒன்பது பேரின் சாவுக்கு. 144-ல் ஒன்பது. மிச்சத்துக்கு எந்தக் கை எந்தச் சாவைக் கொண்டுவந்தது என்று கோடு இழுக்க முடியவில்லை.

பெரியம்மாவுக்கு வருகிறேன். அவரைக் கொண்டாடி இந்தக் கட்டுரையை முடித்துவிடுவது சுலபம். நம் ஊரில் தாய்க்குச் சிலை வைப்பது ஒருவகையில் அவள் வேலையை வேறு யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்கான ஏற்பாடு. என் கம்பெனியில் ஒரு பேமென்ட் சர்வர் இருக்கிறது. அது ராத்திரி மூன்று மணிக்கு விழுந்தால் ஐந்து நிமிடத்தில் ஒருவருக்கு போன் அடிக்கும். அவர் எடுக்கவில்லை என்றால் இன்னொருவருக்கு, அப்புறம் மேனேஜருக்கு. ஆன்-கால் என்போம். ஒரே ஆள் தொடர்ந்து இரண்டு வாரம் ஆன்-கால் பார்த்தால் மேனேஜரே கூப்பிட்டு "லீவ் எடுத்துக்கோ" என்பார். தூக்கம் கெட்டவன் தப்பு செய்வான் என்று கம்பெனிக்குத் தெரியும். ஒரு சர்வருக்கு இவ்வளவு. பெரியம்மா பத்தொன்பது வருடம் தனி ஆளாக ஆன்-கால் இருந்தார், அவர் போன் எடுக்காவிட்டால் அடுத்து யாருக்கு அடிக்கும் என்ற பட்டியல் இல்லாமல். அவர் கேட்பதெல்லாம் "எனக்கப்புறம்?" என்ற ஒற்றை வார்த்தை. மனநோயாளி இருக்கும் எந்த வீட்டிலும் இதைக் கேட்கலாம். இதைத் தனிப்பட்ட சோகமாக எடுத்துக்கொண்டு தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். என்னைப் பொறுத்தவரை இது அரசிடமும், நம்மிடமும் கேட்கப்படும் ஒழுக்கக் கேள்வி.

சிலர் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். ஏர்வாடி தர்காவிலேயே பின்னாளில் அரசு மனநல மருத்துவர்கள் உட்கார ஆரம்பித்தார்கள். 'தவா-துவா' என்று பெயர், மருந்தும் பிரார்த்தனையும். தர்காவை விட்டுவிட்டு வா என்று யாரையும் கேட்கவில்லை. சென்னையில் 1993-ல் தொடங்கிய தி பேன்யன் அமைப்பு, 2015 முதல் 'ஹோம் அகெய்ன்' என்று ஒன்றை நடத்துகிறது. வருடக்கணக்கில் மருத்துவமனையிலேயே கிடந்தவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து ஊருக்குள் ஒரு சாதாரண வாடகை வீட்டில் இருக்கிறார்கள். சமைக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், சிலர் வேலைக்குப் போகிறார்கள். துணைக்குச் சம்பளத்துக்கு ஆள் உண்டு. அந்த ஆளுக்குச் சம்பளம் உண்டு என்பதை வேண்டுமென்றேதான் இரண்டாம் முறை சொல்கிறேன். பெரியம்மாவின் மணிக்கட்டைப் பல மணிக்கட்டுகளாகப் பிரித்துக்கொடுப்பது அப்படித்தான் இருக்கும்.

செலவு என்பார்கள். ஆம், செலவுதான். சட்டத்தின் 95-வது பிரிவைப் புத்தகத்தில் எழுத ஒரு நாள் போதும், அது சொல்வதை ஒரு வீட்டில் நடைமுறைப்படுத்த வருடத்துக்கு 365 ராத்திரி சம்பளம் கொடுக்க வேண்டும். கவுட்டெங்கில் நாளொன்றுக்கு 208 ராண்ட் மிச்சம் பிடித்தார்கள். 2018 மார்ச்சில், ஓய்வுபெற்ற துணைத் தலைமை நீதிபதி டிக்காங் மொசெனெக்கே, வழக்காடிய குடும்பங்கள் ஒவ்வொன்றுக்கும் சுமார் 12 லட்சம் ராண்ட் இழப்பீடு தரச் சொன்னார். அதில் இறுதிச் சடங்குச் செலவும் அடக்கம்.