பத்தில் நின்ற பேரம்

ஆதியாகமத்தை முதல் வரியிலிருந்து ஒழுங்காக வாசித்து வருகிறோம். 18ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் சோதோம் நகருக்காகக் கடவுளோடு வாதாடுகிறான். நீதிமான்கள் 50 பேர் இருந்தால் நகரை அழியாமல் விடுவீரா என்று தொடங்கி 45, 40, 30, 20 என இறங்கி 10இல் நிற்கிறான். சகோதரன் மகன் லோத்து அங்கேதான் இருக்கிறான். அவன் பெயரைச் சொல்லிக் கேட்கவில்லை. ஊர் முழுவதற்குமாகக் கேட்கிறான்.

22ஆம் அதிகாரத்தில் அதே கடவுள் மகன் ஈசாக்கைப் பலியிடச் சொல்கிறார். ஊருக்காக அவ்வளவு பேசியவன் ஒரு சொல்லும் பேசாமல் அதிகாலையில் எழுந்து கழுதைக்குச் சேணம் கட்டுகிறான். இதைத்தான் விசுவாசத்தின் உச்சம் என்கிறார்கள். ஊருக்காகக் கேட்ட நியாயத்தைப் பிள்ளைக்காக ஏன் கேட்கவில்லை?

பிரதி நேரடியாக விடை சொல்வதில்லை. கத்தியைத் தடுப்பவன் ஒரு தூதன். அதன்பின் கடவுள் ஆபிரகாமோடு நேரே பேசியதாக ஒரு வரியும் இல்லை. மலையிலிருந்து திரும்பும் இடத்தில் ஈசாக்கின் பெயர் இல்லை. அடுத்த அதிகாரத்தில் தாய் சாராள் இறந்துபோகிறாள். தகப்பனையும் மகனையும் மறுபடி ஒன்றாகக் காண்பது தகப்பனின் அடக்கத்தில்தான்.

தியாகம் என்ற சொல்லை மேடைகளில் நிறையக் கேட்டுவிட்டோம். கொடுக்கச் சொன்னதெல்லாம் பிள்ளைகளைத்தான். ஆகவே நமக்குப் பெரியவனாகத் தெரிபவன் மலையேறிய ஆபிரகாம் அல்ல; பத்துவரை இறங்கிப் பேரம் பேசியவன்தான்.