நாணமும் மௌனமும்

நாணம் நற்குணம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும், வளரிளம் பருவத்து மாணவர்க்கு உடலைப் பற்றியும் உறவைப் பற்றியும் ஆசிரியர் வாய் திறவாதிருப்பது நாணமா, கடமை தவறுதலா?

காந்திகிராமத்தை 1947இல் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரன் அவர்களும் நிறுவினர். அம்மையார் மருத்துவர், ஆதலின் கல்வியும் மருத்துவமும் அங்கு ஒரே தொண்டாயின. காந்தியடிகளும் 1936இல் 'ஹரிஜன்' இதழில் இவ்வினாவை ஆராய்ந்தார். இச்சையைத் தூண்டும் அறிவை விலக்கி, அடக்கக் கற்பிக்கும் அறிவை ஏற்றார். அதனைப் போதிப்பவர் தன்னடக்கம் உடையவராதல் வேண்டும் என்றும் வற்புறுத்தினார்.

2005இல் நடுவணரசு வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. 2007இல் சில மாநிலங்கள் பண்பாட்டைக் காரணம் காட்டி அதனை நிறுத்தின. அறிந்தால் ஆசை வளரும் என்பது அவர்தம் அச்சம். ஆனால் அறியாமை அடக்கமாகாது. எதனை விலக்குகிறோம் என அறிந்து விலக்குவதன்றோ விரதம்?

மேலும், தன் உடலுறுப்பின் பெயரைச் சொல்லவும் கூசும் குழந்தை, தனக்கு நேர்ந்த தீங்கை எவ்வாறு உரைக்கும்? பதினெட்டு வயதுக்குட்பட்டோரைக் காக்க 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் உண்டு; 1098 என்னும் தொலைபேசி எண்ணும் உண்டு. சொல்லறியாக் குழந்தைக்கு இவற்றால் பயன் யாது? அங்கே நம் மௌனம் தீங்கிழைப்போனுக்குத் துணையாகிறது. அகிம்சையைப் போற்றுவோர் இதனை எண்ணுதல் வேண்டும்.

ஆகவே, இனப்பெருக்கப் பாடத்தை 'வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்' என்று தாண்டிச் செல்லாத ஆசிரியரைப் பயிற்சிக் கல்லூரிகள் உருவாக்குதல் வேண்டும். உரிய வயதில், தூய சொல்லால், பெற்றோரும் ஆசிரியரும் உரைப்போமாக. அதனால் நாணம் குன்றாது, குழந்தையும் காக்கப்படும்.