விருந்தும் விடுதியும்

பெரகலையிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் நெடுஞ்சாலையில், மலைநாடு முடிந்து ஊவாவின் வறண்ட தாழ்நிலம் கண்ணிற்படத் தொடங்கும் சரிவிலே கொஸ்லந்த அமைந்துள்ளது. அதற்கப்பால், அதே சாலையோரத்தில், 220 மீற்றர் உயரத்திலிருந்து வீழ்கின்றது தியலும நீர்வீழ்ச்சி. அண்மைக் காலத்தில் அதன் உச்சியிலுள்ள சுனைகளில் நீராடவும், கூடாரமிட்டு இராத் தங்கவும் உள்நாட்டாரும் பிறநாட்டாரும் வருகின்றனர். அவர்களின் வரவை நம்பிச் சிறு விடுதிகளும், ஹோம்ஸ்டே எனப்படும் வீட்டு விடுதிகளும் அப்பகுதியில் தோன்றியுள்ளன.

அத்தகைய விடுதியொன்றின் வாயிலில் ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாகக் கொண்ட இரு ஆடவரோ இரு பெண்டிரோ வந்து நிற்பதாகக் கொள்ளலாம். அவர்களுக்கு அறை கிடைக்குமா? பெரும்பாலும் கிடைக்கும். இலங்கையிலே ஓர் ஆணும் பெண்ணும் சேர்ந்து அறை கேட்டால் திருமணமானவரா என்ற வினா எழுதல் கூடும். இரண்டு ஆண்கள் கேட்டால் நண்பர் என்று எண்ணிச் சாவியைக் கொடுத்துவிடுவர். இதனைச் சுட்டிக்காட்டி, தன்பாலீர்ப்புடையோர்க்குத் தங்குமிடம் பற்றிய இடர்ப்பாடு எதுவும் இல்லையென வாதிடுவோர் உளர். பாங்கொக்கின் சிலோம் வீதியை அண்டிய விடுதிகளைப் போல இன்ன விடுதி இன்னார்க்கு உகந்தது என்று பட்டியலிட வேண்டிய தேவை இங்கு என்ன இருக்கிறது என்பது அவர்களது கேள்வி.

இவ்வாதம் ஓர் உண்மையை மறைத்துவிடுகின்றது. அவ்விருவர்க்கும் கிடைத்தது அறை மட்டுமே. அதுவும் அவர்கள் வேறு யாரோ என்று கருதப்பட்டதனால் கிடைத்த அறை. காலையிலே தேநீர் கொண்டு வருபவர் கதவைத் தட்டுமுன் இரண்டாவது கட்டிலின் விரிப்பைக் கசக்கி வைக்க வேண்டியவன், வாடகையைப் பணமாகச் செலுத்தியதோடு அமையாது பொய்யாகவும் செலுத்துகின்றான். ஆதலின் தங்குமிடம் தேடுவோர் உண்மையில் தேடுவது கூரையையன்று. பொய் சொல்ல வேண்டாத ஓரிடத்தையே தேடுகின்றனர். அத்தகைய இடத்தை அளிக்கும் கடமை விடுதியாளனுக்கு உண்டா என்பதே இங்கு ஆராயப்படும் அறவினா.

தமிழிலே 'விருந்து' என்ற சொல்லின் பழைய பொருள் புதுமை என்பதாகும். அப்பொருளிலேயே தொல்காப்பியர் அதனை ஆண்டுள்ளார். விருந்தினர் என்போர் உறவினரல்லர். முன்பு அறியப்படாது புதிதாக வந்தோரே விருந்தினர். உற்றார் உறவினரைக் கூட்டி உண்பிப்பதை விருந்து என்று வழங்கும் இக்கால வழக்கு, பொருளை ஏறத்தாழத் தலைகீழாக்கிவிட்டது எனலாம். அறியாதவரை ஏற்பதே அறமெனின், அவரை முற்றாக அறிந்த பின்னரே ஏற்பேன் என்பது அவ்வறத்தின் அடிப்படையோடு முரண்படுகின்றது. வள்ளுவரும் விருந்தோம்பல் அதிகாரத்தை முடிக்குமிடத்து உணவையோ உறைவிடத்தையோ பேசவில்லை, முகத்தையே பேசுகின்றார். மோந்தால் வாடும் அனிச்சத்தை உவமையாக்கி, விருந்தினரோ முகம் வேறுபட்டு நோக்கிய அளவிலேயே வாடுவர் என்று அவர் கண்டது, விடுதிகளின் வரவேற்பு மேசையருகே நின்றோர் நன்கு அறிந்த உண்மையாகும். பதிவுப் புத்தகத்தில் இரு பெயர்களையும் எழுதியபின் மேலெழும் பார்வை, அறை இல்லை என்ற மறுமொழியிலும் கொடியதாக அமைதல் உண்டு.

எனினும் விருந்தோம்பலைத் தமிழரின் தனிப்பெரும் பண்பாகப் போற்றி மேடைதோறும் முழங்குவோர் அப்பண்பின் எல்லைகளையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். திண்ணை எல்லார்க்கும் உரியதாக இருந்ததில்லை. யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே அமர்ந்து தேநீர் அருந்துவதற்கு 1960களின் பிற்பகுதியிலும் போராட வேண்டியிருந்தது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1957இன் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், சாதி காரணமாக ஒருவரைக் கடையிலோ உணவகத்திலோ ஹோட்டலிலோ நுழையவிடாது தடுத்தலைக் குற்றமாக்கியிருந்தது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பும் தனது 12(3)ஆம் உறுப்புரையில் இதனை விரிவாக்கி, இனம், மதம், மொழி, சாதி, பால் என்பன காரணமாகக் கடைகள், பொது உணவகங்கள், ஹோட்டல்கள், பொதுக் களியாட்ட இடங்கள் முதலியவற்றை அணுகுவதில் எவரும் தடைக்குட்படலாகாது என்று விதித்தது. ஹோட்டல் என்ற சொல் ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் இடம்பெற்றமை தற்செயலன்று. மனிதன் இழிவுபடுத்தப்படும் இடங்களுள் அதன் வாயிலும் ஒன்று என்பதைச் சட்டம் வகுத்தோர் அறிந்திருந்தனர். அப்பட்டியலில் பாலீர்ப்பு இல்லை. ஆனால் பட்டியலின் பின்னாலுள்ள நியாயம், பொதுமக்களுக்கென்று கதவைத் திறந்து வைத்து வாணிகம் செய்பவன் பொதுமக்களுட் சிலரைப் பிறப்பு நோக்கி விலக்கலாகாது என்பதே. அந்நியாயம் ஐந்து சொற்களோடு நின்றுவிட வேண்டும் என்பதற்குக் காரணம் எதுவும் காட்டப்படவில்லை.

இங்கு விடுதியாளனின் மனச்சாட்சி பற்றிய எதிர்வாதம் எழுகின்றது. அது எளிதாகத் தள்ளிவிடக் கூடியதன்று. தான் பாவமெனக் கருதுவது தன் கூரையின்கீழ் நிகழ ஒருவன் இடங்கொடுக்க வேண்டுமா? இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியில் 2008இல் இவ்வினா வழக்காகவே எழுந்தது. ஆழ்ந்த கிறித்தவப் பற்றுடைய தம்பதியர் தாம் வாழ்ந்த வீட்டையே சிறு விடுதியாகவும் நடத்தினர். திருமணமான ஆண் பெண் இணையர்க்கே இரட்டைக் கட்டில் அறை என்பது அவர்கள் வகுத்த விதி. சட்டப்படி பதிவுபெற்ற இணையராகிய இரு ஆடவர்க்கு அவர்கள் அத்தகைய அறையை மறுத்தனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 2013 நவம்பரில் விடுதியாளருக்கு எதிராக முடிந்தது. அவர்கள் வன்மனம் படைத்தவராகத் தோன்றவில்லை. திருமணமாகாத ஆண் பெண் இணையர்க்கும் அதே விதியையே அவர்கள் கைக்கொண்டனர். எனினும் அந்நாளில் திருமணம் என்ற வாயில் அவ்விரு ஆடவர்க்கும் அடைக்கப்பட்டிருந்தமையால், எல்லார்க்கும் பொதுவான விதி போலத் தோன்றியது சிலரை என்றைக்குமாக வெளியே நிறுத்தும் விதியாயிற்று.

ஜெர்மானிய மெய்யியலாளர் கான்ற் 1795இல் நிலையான சமாதானம் பற்றி எழுதிய நூலில், வருகை தரும் உரிமையையும் விருந்தினனாகும் உரிமையையும் வேறுபடுத்தினார். அந்நிய மண்ணில் காலடி வைத்தமைக்காகப் பகைவனாக நடத்தப்படாதிருத்தல் எல்லார்க்கும் உரியது. ஒருவனது வீட்டில் விருந்தினனாய் அமர்தற்கோ தனியுடன்பாடு வேண்டும். இவ்வேறுபாட்டைக் கொண்டு நோக்கின், தன் வீட்டுத் திண்ணையில் யாரை அமர்த்துவது என்பது வீட்டுக்காரனின் உரிமை என்பதும், பெயர்ப்பலகை தொங்கவிட்டு விலை குறித்த பின் அவ்வீடு அந்த அளவிற்கு வீடாக இருத்தல் ஒழிகின்றது என்பதும் பெறப்படும். தியலும அருகிலுள்ள வீட்டு விடுதிகள் இவ்வெல்லைக் கோட்டின் மேலேயே நிற்கின்றன. ஒரே சமையலறை, ஒரே முற்றம், குழந்தைகள் விளையாடும் இடம். அங்கு குடும்பத்தாரின் கூச்சத்திற்கும் சிறிது இடமளித்தல் தகும். ஆனால் கூச்சம் வேறு, விலக்கல் வேறு.

விடுதியாளன் அஞ்சுவது பல வேளைகளில் பாவத்தையன்று, பொலிசையே. 1883இல் பிரித்தானியர் இயற்றிய தண்டனைச் சட்டக் கோவை தன் 365, 365அ பிரிவுகளால் ஒரே பாலார் உறவைக் குற்றமாக்கியது. 1995இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது அது நீங்கும் என எதிர்பார்த்தோர் இருந்தனர். நிகழ்ந்ததோ வேறு. 'ஆண்' என்றிருந்த இடத்தில் 'ஆள்' என்ற பொருளுடைய சொல் புகுத்தப்பட்டு, அதுவரை சட்டம் கண்டுகொள்ளாத பெண்களும் குற்றவாளிகளாயினர். சமத்துவம் இவ்வாறும் வருதல் கூடும் போலும்! 2023 மே மாதத்தில், இக்குற்றத்தை நீக்க முன்வைக்கப்பட்ட தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. எனினும் 2024இல் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டபோது அம்மூலம் நிறைவேறாமலே போயிற்று. இந்தியாவில் 2018இலும் சிங்கப்பூரில் 2022இலும் அதே காலனித்துவச் சட்டத்தின் கிளைகள் வெட்டப்பட்டமை அறியப்பட்டதே.

சட்டம் நீங்கினால் மட்டும் அறைக்கதவு திறந்துவிடும் என்பதற்கில்லை. கோயம்புத்தூரில் 2019இல், திருமணமாகாத ஓர் ஆணும் பெண்ணும் ஒரே அறையில் இருந்தமையையும் ஒரு காரணமாகக் காட்டி அதிகாரிகள் விடுதியொன்றை மூடி முத்திரையிட்டனர். அவ்வாறு தங்குதலைத் தடுக்கும் சட்டம் எங்கே உள்ளது என்று சென்னை உயர் நீதிமன்றம் கேட்டு, முத்திரையை அகற்றப் பணித்தது. சட்டமே இல்லாத விடயத்திலும் ஊரின் கண் சட்டமாகிவிடுகின்றது. இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில் சட்டமும் ஊரின் கண்ணும் ஒன்றுசேர்ந்தபோது விளைந்தது இன்னும் கொடியது. வாடகை அறையொன்றினுள் அயலார் புகுந்து பிடித்துக் கொடுத்த இரு இளைஞர், 2021 ஜனவரியில் பலர் முன்னிலையில் 77 பிரம்படி பெற்றனர்.

விடுதியின் வாயிலில் நிறுத்தி வைத்து, நீ யார், எதற்காக வந்தாய் என்று கேட்கப்படுதல் இலங்கைத் தமிழர்க்குப் புதிதன்று. போர்க்காலத்தில் கொழும்பின் விடுதிகளில் தங்கிய தமிழர் வருகைக்கான காரணத்தைப் பொலிசாரிடம் பதிய வேண்டியிருந்தது. 2007 ஜூன் 7ஆந் திகதி விடியற்காலையில், 'தகுந்த காரணமின்றி'த் தங்கியிருந்தனர் என்று கூறி, அவ்விடுதிகளிலிருந்து 370க்கும் மேற்பட்டோரைப் பஸ்களில் ஏற்றி நகரைவிட்டு அனுப்பினர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதனை இடைநிறுத்தியது. மருத்துவத்திற்கும் கடவுச்சீட்டுக்கும் வேலைக்கும் வந்தோர் அவர்கள். அந்நாளில் கொதித்தெழுந்த மனம், ஒரு மனிதன் ஓர் அறையில் இருத்தற்குக் காரணம் காட்ட வேண்டியதில்லை என்ற நெறியை ஏற்றுக்கொண்டே கொதித்தது. அந்நெறியைத் தமிழனுக்கு வேண்டி நின்றவர், அதே தமிழன் தன் துணைவனோடு வந்து நிற்கும்போது கைவிடுவாராயின், அவர் வேண்டியது நெறியையன்று, சலுகையையே எனக் கருத இடமுண்டு.

கொஸ்லந்தவைச் சூழ்ந்த தோட்டங்களில் இவ்வினா மேலும் கூர்மை பெறுகின்றது. பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட லயக் காம்பராவில் மூன்று தலைமுறையினர் உறங்குவர். சுவருக்கப்பால் இருமினாலும் கேட்கும். தனிமை என்பது அங்கு எவர்க்கும், புதுமணத் தம்பதியர்க்குங்கூட, அரிய பொருளாகும். அதற்கும் மேலாக அக்காம்பரா தொழிலாளிக்குச் சொந்தமானதாக இருந்ததில்லை. தோட்டத்தினுள் உறவினர் வந்து தங்குவதற்கும் துரையின் இசைவு வேண்டியிருந்த காலம் ஒன்றிருந்தது. தொழிற்சங்கத்தார் அத்துமீறிப் புகுந்தோராகக் குற்றஞ்சாட்டப்பட்டனர். வேலை போனால் கூரையும் போகும் நிலையிலிருந்தவன் விருந்தினரை ஏற்பவனாக இருத்தல் எங்ஙனம்? இஸ்தோப்பில் ஒரு பாய் விரித்துக் கொடுத்தானெனின், அது தன் உரிமைக்கு அப்பாலும் அவன் செய்த ஈகையாகும்.

இத்தகைய சூழலிற் பிறந்து, கொழும்பிலே கடையொன்றில் வேலை செய்து, பலர் கூடித் தங்கும் போர்டிங் அறையில் வாழும் ஓர் இளைஞனுக்கு, தன் அன்புக்குரியவனோடு ஓர் இரவைத் தனித்துக் கழிக்கத்தக்க இடம் உலகில் விடுதியொன்றே. உல்லாசப் பயணிக்கு விடுதி மேலதிகமான வசதி. இவனுக்கோ அது இல்லாத வீட்டின் ஈடு. இங்குதான் பட்டியல்களின் குறையும் வெளிப்படுகின்றது. வரவேற்பு உறுதி எனக் குறிக்கப்பெறும் விடுதிகள் எந்த நாட்டிலும் பெரும்பாலும் விலையுயர்ந்தவை, வெளிநாட்டவரை நோக்கியவை. அங்கு ஐரோப்பிய இணையரிடம் கேட்கப்படாத வினா, தோட்ட முகவரி பொறித்த அடையாள அட்டையை நீட்டுபவனிடம் கேட்கப்படுகின்றது. கடன்பட்டாவது அவ்விலையைச் செலுத்த அவன் முன்வந்தாலும் அப்பார்வையிலிருந்து தப்புவானென்பதற்கில்லை. பட்டியல் பயனற்றது என்பது இதன் பொருளன்று. இருளிலே நடப்பவனுக்குச் சிறு விளக்கும் வேண்டும். ஆயினும் சில கதவுகளைக் குறித்துக்காட்டும் பட்டியல், ஏனைய கதவுகளின் மீது எழுதாமலே எழுதப்பட்டுள்ளதையும் உடன் அறிவித்துவிடுகின்றது.

2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலையில் கொஸ்லந்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பலர் மாண்டனர். உயிர்தப்பியோர் முதலிற் பாடசாலைகளிலும், பின்னர் கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையொன்றிலும் தங்கினர். இரண்டாண்டுகளின் பின் பூனாகலைப் பகுதியில் அவர்களுக்கு 75 தனிவீடுகள் கையளிக்கப்பட்டன. குடும்பத்திற்கு ஒன்று என்பது கணக்கு. தோட்ட மக்களுக்கு ஏழு பேர்ச் காணியும் உறுதிப்பத்திரமும் அளிக்கும் திட்டங்களும் குடும்பத்தையே அலகாகக் கொண்டவை. இரு ஆடவரோ இரு பெண்டிரோ சேர்ந்து வாழ்வதைக் குடும்பமாகக் கொள்ளும் சட்டம் நாட்டில் இல்லாமையால், அவர்களுக்கு அக்கணக்கில் இடமில்லை. எனினும் இவ்வீடுகளால் நேர்ந்த மாற்றம் ஒன்றுண்டு. துரையின் இசைவை வேண்டாது கதவைத் திறக்கவும் அடைக்கவும் உரிமை பெற்ற மக்கள் மெல்ல மெல்ல உருவாகின்றனர். நீர்வீழ்ச்சியைக் காணச் செல்வோர் பெருகப் பெருக, அவர்களுட் சிலர் ஓர் அறையை ஒதுக்கி வாடகைக்கு விடவும் கூடும். அந்நாளில், மழைக்கு ஒதுங்கியோ இரவுக்கு இடம் வேண்டியோ இஸ்தோப்பில் வந்து நிற்கும் இருவரிடம் என்ன கேட்பது, என்ன கேளாதிருப்பது என்பதை அவ்வீட்டாரே தீர்மானிக்க வேண்டியிருக்கும்.