பனிக்காலத்துப் பசி

தை பிறந்தால் டிக்கோயாப் பக்கத்து லயங்களில் பல்லிச் சத்தம் குறைந்துவிடும். மழைக்காலத்தில் இஸ்தோப்பு பல்பைச் சுற்றி ஈசலுக்காக ஒன்றையொன்று விரட்டித் திரிந்தவை, பனி இறங்கும் இரவுகளில் அடுப்புச் சுவரில், விறகு அடுக்குக்குப் பின்னால் ஒடுங்கிக்கொள்கின்றன. பூச்சி பக்கத்தில் ஊர்ந்து போனாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. நுவரெலியாவில் விடியற்காலைப் புல் வெள்ளையாக உறைந்து, பள்ளத்து மலைகளில் கொழுந்து கருகும் மாதங்கள் இவை.

அக்காவின் பேத்தி டொரண்டோவில் இருக்கிறாள். கண்ணாடித் தொட்டியில் ஒரு சிறுத்தைப் பல்லி வளர்க்கிறாள். உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி, கொழுத்த வால். மார்கழியில் அழாத குறையாகப் பேசினாள்: "தாத்தா, நாலஞ்சு கிழமையா அது ஒண்ணுமே சாப்பிடல. வாயைத் திறந்து ஊட்டட்டுமா?"

வேண்டாம் என்றேன். அந்தப் பல்லியின் பூர்வீகம் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்கு மூலையிலுள்ள வறண்ட பாறை நிலம். அங்கே குளிர்காலத்தில் அது பாறை இடுக்கில் புகுந்து, வாலில் சேர்த்த கொழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்து உயிர் வாழும். பல தலைமுறையாகத் தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த பல்லிகளும், வீடு கதகதப்பாக இருந்தாலும், குளிர்மாதங்களில் தீனியைக் குறைத்துக்கொள்வதை வளர்ப்பவர்கள் பார்க்கிறார்கள். அதன் உடம்பு தானாகச் சூடு உண்டாக்குவதில்லை. தின்றது செரிக்க வெளியிலிருந்து சூடு வர வேண்டும். வயிற்றுக்கடியில் 32 பாகை செல்சியஸ் அளவிலாவது ஓரிடம் வேண்டும். அது இல்லாதபோது இரை உள்ளே போனால் செரிக்காமல் கிடந்து அழுகும். பாசத்தோடு ஊட்டுகிற கையே அதைக் கொன்றுவிடலாம்.

முதலில் சூட்டைப் பார், பிறகு தீனியைப் பார் என்று சொன்னேன். சூடு சரியாக இருந்து, வாலும் கொழுத்திருந்து, எடையும் இறங்கவில்லை என்றால் தண்ணீர் மட்டும் வைத்துவிட்டுச் சும்மா விட்டுவிடலாம். வால் குச்சியாகிவிட்டால் மிருக வைத்தியரிடம் ஓட வேண்டும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணி இப்படித்தான் வாலை வற்றவைக்கும். குட்டிப் பல்லி என்றால் நாள் கடத்தவே கூடாது. சமையல் தராசொன்றை வாங்கி வாராவாரம் நிறுத்து எழுதி வைக்கிறாள் பிள்ளை.

"சும்மா விடு" என்று அவளிடம் எளிதாகச் சொல்லிவிட்டேன். மலையில் வளர்ந்த எங்களுக்கு அது எளிதல்ல. 1973இலும் 1974இலும் அரிசியும் மாவும் கிடைக்காமல் தோட்டங்கள் பட்டினி கிடந்தன. கிழங்கையும் கீரையையும் தின்று நாளைத் தள்ளினார்கள். டவுனில் கையேந்தினார்கள். 1974இல் தோட்டப்புறத்து இறப்பு வீதம் மிக மோசமாக உயர்ந்தது. அந்தப் பஞ்சத்தில் மஸ்கெலியாவில் அம்மா எங்களுக்கு ரொட்டியைப் பிட்டுக் கொடுத்துவிட்டு, வெறும் சாயத்தண்ணியோடு திரும்பி உட்கார்ந்துகொள்வார். கேட்டால், "எனக்குப் பசியில்லடா" என்பார். எத்தனை லயங்களில் எத்தனை தாய்மார் அன்று அப்படிச் சொல்லியிருப்பார்கள்! அதைக் கேட்டு வளர்ந்தவனுக்கு, எதிரில் ஒருவர் தட்டைத் தள்ளி வைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

இப்போது எண்பதைத் தாண்டிய அம்மா, இந்தத் தையிலும் பாதி ரொட்டியோடு கையைக் கழுவிவிடுகிறார். குளிருக்கு அப்படித்தான் என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். அதை என்னால் ஏற்க முடியவில்லை. பல்லிக்கு, அதே எடையுள்ள பாலூட்டியின் தேவையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு தீனி போதும். குளிரில் அது அடங்கிக் கிடப்பது சிக்கனம். மனித உடம்பு குளிரில் தன் சூட்டைத் தானே உண்டாக்க வேண்டும், அதற்குக் கூடுதலாகவே சாப்பாடு வேண்டும். தேயிலைச் செடியையும் இங்கே உதாரணத்துக்கு இழுப்பார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை திம்புள்ளப் பக்கத்தில் வறண்ட குளிர்காற்றுக்குச் செடி மெதுவாகத் துளிர்க்கிறது, அப்படித் துளிர்த்த கொழுந்துக்குத்தான் மணம் அதிகம். செடிக்கு அது சரி. ஆனால் குறைந்த கொழுந்தோடு மடுவத்தில் வந்து நிற்கிற பெண்ணுக்கு அந்த மாதச் சம்பளம் இறங்குகிறது. மந்தகாலம் எல்லோருக்கும் ஒன்றுபோல நன்மை செய்வதில்லை.

அதனால் அம்மாவின் வளையலைப் பார்க்கிறேன். மணிக்கட்டில் நின்ற கண்ணாடி வளையல், கையைத் தூக்கும்போது முழங்கை வரை சரிகிறது. பேத்தியின் தராசு சொல்வதைத்தான் அதுவும் சொல்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பல் ஒரு காரணம், மாத்திரை ஒரு காரணம். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். மூன்றாவது காரணத்தை அங்கே யாரும் எழுதித் தரவில்லை, அடுப்படியில் கண்டுபிடித்தேன். பக்கத்துக் காம்பராப் பிள்ளைகள் வந்து அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தால், கட்டைச் சம்பலைத் தொட்டுக்கொண்டு ஒரு முழு ரொட்டியும் அதற்கு மேலும் சாப்பிடுகிறார். தனியாக இருக்கும் இரவுகளில் தட்டு அப்படியே மூடிக் கிடக்கிறது.

லயத்துப் பிள்ளைகளில் பலர் கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்கிறார்கள். தினமும் போனில், "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்கிறார்கள். ஆம் என்றுதான் பதில் வரும், பஞ்சகாலத்தில் பிள்ளைகளைச் சமாதானப்படுத்திப் பழகிய வாய்கள் அவை. பொங்கலுக்கு வருகிற அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: லீவு கிடைத்தால் இன்னும் ஒரு கிழமை சேர்த்துத் தங்குங்கள். தைப்பனி இறங்குகிற அந்த ராத்திரிகளில் அடுப்புப் பக்கத்தில் பலகையைப் போட்டு, உங்கள் அம்மாக்களோடு உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள்.