சிறைக்கதவும் அறமும்

ஓர் அரசாங்கம் தன் குடிகளை அவர்தம் கருத்திற்காகச் சிறையிலிட்டால், அயல்நாடுகள் அதனை நெருக்குதல் தகுமா? அது அந்நியர் தலையீடு என்பர் சிலர். துன்பத்திற்கு நாட்டெல்லை இல்லை; கருணைக்கும் இருத்தலாகாது என்பதே நம் விடை. எனினும், அந்நெருக்குதல் எங்கே முடிய வேண்டும் என்பதையும் சிந்தித்தல் வேண்டும்.

பௌத்தம் தழைத்த பர்மாவைக் காண்க. 2007-இல் அமைதியாக ஊர்வலம் சென்ற பிக்குகளை இராணுவ ஆட்சி சிறையிலடைத்தது. முன்னின்ற கம்பீரா என்னும் பிக்குவுக்கு 68 ஆண்டுத் தண்டனை விதித்தது. அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் பொருளாதாரத் தடைகளை இறுக்கின. 2012 ஜனவரி 13-ஆம் நாள் அவரும், மாணவர் தலைவர் மின் கோ நாயிங்கும் உள்ளிட்ட 651 கைதிகள் விடுவிக்கப்பட்டனர். மீண்டும் தூதர்களைப் பரிமாறிக்கொள்வதாக அமெரிக்கா அன்றே அறிவித்தது.

ஆகவே நெருக்குதல் வீணன்று. ஆனால் அவ்விடுதலை நிபந்தனைக்கு உட்பட்டது. தண்டனை அழியவில்லை, நிறுத்தியே வைக்கப்பட்டது. ஒரு கைதியை விடுத்து ஒரு சலுகை பெறலாம் என ஆள்வோர் கற்றுக்கொண்டால், மனிதர் விற்பனைப் பண்டமாவர். 2021 பிப்ரவரி 1-ஆம் நாள் இராணுவம் ஆட்சியை மீண்டும் பறித்தது. சிறைகளும் மீண்டும் நிரம்பின.

புகழ் பெற்றோருக்காகத் தூதுவர் பேசுவர். பெயரறியா உழவனுக்காகப் பேசுவார் யார்? அன்பர்களே, கதவு திறந்தமைக்கு மகிழ்வோம். ஆயின் பூட்டிய சட்டம் நீங்குமுன் கேட்பதை நிறுத்துதல் அறமாகாது.